முப்பத்து மூன்று வயதில் முதலாம் ஆண்டு

ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

போனில் பேசினால் நாம் இருவரும் கத்துவோம். மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். உன் முகவரியை அம்மாவிடம் வாங்கினேன். "நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதே" என்றாள். சொல்லிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இது வேறு யார் வாயாலாவது உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். நான் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். மின்னியல், முதலாம் ஆண்டு. நீ படித்த அதே கல்லூரி. மறைத்து என்ன ஆகப்போகிறது?

வயது வரம்பை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு பழைய செய்தித்தாளில் பார்த்தேன். செம்புக் கம்பி சுற்றி வந்த தாள். பட்டறை முதலாளியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுப் போய் நுழைவுத் தேர்வு எழுதினேன். தேறியவர்கள் பட்டியலில் கடைசியிலிருந்து நான்காவது பெயர் என்னுடையது. கடைசி இல்லை, கவனி.

இனிமேல் காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை கல்லூரி. அதற்குப் பிறகு பட்டறை. முதலாளி ஒரு வருடம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நீ போய் நான்கு வருடம் ஆகிறது. உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது, போதும்.

அக்கா

•

ஆகஸ்ட் 19

அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வாழ்த்துகள்.

நான் முடிக்காமல் விட்டதை நீங்கள் முடித்துக் காட்டப் போகிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். ஊரில் வேறு கல்லூரியே இல்லையா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அது உங்கள் விருப்பம்.

நான் நன்றாக இருக்கிறேன். மலைப்பாதையில் பேருந்து ஓட்டுகிறேன். ஒரு நாளைக்கு மேலே இரண்டு நடை, கீழே இரண்டு நடை. என் பழைய புத்தகங்கள் அலமாரியின் மேல் பெட்டியில் இருக்கும். எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை.

அடிக்கடி பதில் எழுத எனக்கு நேரம் இருக்காது.

தம்பி

•

ஆகஸ்ட் 27

டேய்,

"அவர்களுக்கு" என்று போட்டிருக்கிறாய். "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடம் போகும்போது உன் மூக்கைத் துடைத்துவிட்டவள் நான். இதற்கு நீ நான்கு கெட்ட வார்த்தை எழுதி அனுப்பியிருக்கலாம், நிம்மதியாகப் படித்திருப்பேன்.

நீ பதில் எழுதாவிட்டாலும் நான் எழுதப் போகிறேன். தபால்காரர் என்னைத் தடுக்கப் போவதில்லை.

முதல் நாள் நடந்ததைக் கேள். எட்டு மணி வகுப்புக்கு ஏழே முக்காலுக்கே போய்விட்டேன். அறுபது பிள்ளைகள் இரைச்சலாக உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசலில் கால் வைத்ததும் கப்பென்று அடங்கி, அறுபது பேரும் எழுந்து நின்று "குட் மார்னிங் மிஸ்" என்றார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நேராகப் போய் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண், பதினெட்டு வயசு, வாய் ஓயாத பிள்ளை, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மிஸ், நீங்க அங்க நிக்கணும்."

"நான் மிஸ் இல்லைம்மா. நானும் உன் கூடத்தான் படிக்கறேன்."

"ஐயோ, அப்ப எழுந்து நின்னது வேஸ்ட்டா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்கு மிஸ் என்றே பெயர். அந்தப் பெண்ணை நான் வாயாடி என்று கூப்பிடுகிறேன்.

சேர்க்கை நாளன்றும் இதே கூத்துதான். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, "பொண்ணு எங்கேம்மா? கூட்டிட்டு வரலையா?" என்றார். "நான்தான் சார் அந்தப் பொண்ணு" என்றேன். கம்ப்யூட்டரில் ஒரே ஓர் இடம் மிச்சம் இருக்கிறது, எல்லாரும் அதற்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் மின்னியல் வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன்.

உனக்கும் சொல்கிறேன். பதினைந்து வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். எரிந்துபோன காயிலைப் பிரித்து, எத்தனை சுற்று என்று எண்ணி, அத்தனை சுற்று புதுக் கம்பியில் சுற்றி வைக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே முதலாளியிடம், "ஏன் இத்தனை சுத்து? கூட வெச்சா என்ன, குறைச்சா என்ன?" என்று கேட்டேன். "பழசுல எத்தனை இருந்துச்சோ அத்தனை வை. மூளையைக் குழப்பாதே" என்றார். அவருக்கும் தெரியாது. பதினைந்து வருடம் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே சுற்றியிருக்கிறேன். உன்னை ஜெயிப்பதற்காக நான் இங்கே வரவில்லை. எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

அக்கா

•

செப்டம்பர் 30

தம்பிக்கு,

பதில் இல்லை. பரவாயில்லை. இந்தக் கடிதம் நீ பதில் எழுதுவதற்காக இல்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். அம்மாவிடம் சொன்னால் "நான் அப்பவே சொன்னேன்" என்பாள்.

முதல் உள்தேர்வில் கணக்கில் எனக்கு ஐம்பதுக்கு நான்கு. நாற்பது இல்லை, நான்கு. பள்ளியில் படித்ததெல்லாம் துருப்பிடித்துவிட்டது. வாத்தியார் கரும்பலகையில் மூன்று வரி தாண்டுவதற்குள் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். நான் முதல் வரியில் நிற்கிறேன். வரைபட வகுப்பில் என் கோடுகள் நன்றாக இருக்கின்றன என்கிறார்கள். கை இருக்கிறது, தலைதான் இல்லை.

அந்தக் கையை வைத்தாவது ஆய்வுக்கூடத்தில் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதுவும் போயிற்று.

ஆளுக்கொரு காயிலைக் கொடுத்தார்கள். அதற்கு எத்தனை வோல்ட் கொடுக்கலாம் என்று முதலில் கணக்குப் போட வேண்டும். பிறகு சிறிது சிறிதாக ஏற்றி, கரண்ட்டை அளந்து எழுத வேண்டும். பிள்ளைகள் காகிதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் காயிலைக் கையில் எடுத்தேன். தடித்த கம்பி. நல்ல சுற்று. தாங்கும் என்று கை சொன்னது. வாயாடி கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தத் திமிர் வேறு. நேராக முழு வோல்ட்டும் கொடுத்தேன். நான்கு விநாடி. வார்னிஷ் எரிகிற வாடை வந்தது. பதினைந்து வருடமாக அடுத்தவர் எரித்த காயிலில் முகர்ந்த வாடை. இந்த முறை நான் எரித்தது.

ஆய்வுக்கூட ஆசிரியருக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவு இருக்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்தார்.

"யார் முழுசா குடுக்கச் சொன்னது?"

"கம்பி தடிமனா இருந்துச்சு சார். தாங்கும்னு நினைச்சேன்."

"எத்தனை சுத்து?"

"எண்ணலை."

"கணக்கு?"

"போடலை."

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "பழக்கம் இருக்கறவங்கதான் முதல்ல எரிப்பாங்க. நீங்க கணக்கு போட்டுக் காட்டற வரைக்கும் இந்தக் கூடத்துல ஸ்விட்ச் மேல கை வைக்காதீங்க."

வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். அழவில்லை. கோபம்தான் வந்தது, அவர்மேல் இல்லை. பட்டறையில் நான் செய்ததெல்லாம் வேறு யாரோ போட்ட கணக்கைப் பார்த்து எழுதியதுதான் என்று அந்த நிமிடம் உறைத்தது. எண்ணிக்கை தெரியாத காயில் ஒன்று வந்தால் எனக்கும் நேற்று வேலைக்கு வந்தவனுக்கும் வித்தியாசம் இல்லை.

இதைக் கற்றுக்கொள்ளாமல் நான் போக மாட்டேன்.

அக்கா

•

அக்டோபர் 12

அக்கா,

அந்தக் கடிதத்தை டிப்போவில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஐம்பதுக்கு நான்கு வாங்கியதை எழுதியிருக்கிறாயே, அதனால் எழுதுகிறேன். நீ எதிலாவது தோற்றதை என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

நான் ஏன் விட்டேன் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. கெட்ட சகவாசம் என்று நீயே முடிவு செய்துகொண்டாய். எனக்கு அப்போது சகவாசமே கிடையாது.

முதல் பருவத்தில் எல்லாவற்றிலும் தேறினேன். கணக்கில் தொண்ணூற்றொன்று. அந்தத் தாளை நீ பட்டறையில் எல்லாரிடமும் காட்டினாய். வீட்டுக்கு வந்து, விரலெல்லாம் கம்பி கிழித்த கோடாக இருந்த கையால் என் தலையைத் தடவினாய். அன்றிலிருந்து கல்லூரி வாசலைக் கண்டால் எனக்கு வயிறு வலிக்கும். மருந்து சாப்பிட்டேன். நிற்கவில்லை. ஒரு நாள் வாசலில் இறங்காமல் அதே பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை போனேன். வலி நின்றுவிட்டது. மறுநாளும் போனேன். அப்புறம் ஒரு பருவம் முழுக்க, காலையில் நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டோடு ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் கேட்டார்.

"ஏம்ப்பா, காலேஜ் இல்லையா?"

"இருக்குண்ணே."

"அப்ப இங்க என்ன பண்றே?"

"இங்கதான் வயிறு வலிக்கலை."

அவர் சிரிக்கவில்லை. அவர்தான் பின்னாளில் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

கல்லூரியிலிருந்து உனக்குக் கடிதம் வந்தது. பட்டறை வாசலில் ஆறு பேர் பார்க்க என்னை அறைந்தாய். அதுகூட வலிக்கவில்லை அக்கா. "உனக்காக என் வாழ்க்கையையே தொலைச்சேன்" என்றாய். நான் தொலைக்கச் சொன்னேனா? அப்பா போனபோது எனக்கு ஒன்பது வயசு.

சேர்க்கைப் படிவத்தை நீயே நிரப்பினாய். கையெழுத்துப் போட மட்டும் பேனாவை என்னிடம் கொடுத்தாய். என்ன படிக்க ஆசை என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது. ஆனாலும் கேட்டிருக்கலாம்.

எழுதிவிட்டேன். இனி உன் இஷ்டம்.

தம்பி

•

அக்டோபர் 21

தம்பிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

நீ சொன்னதில் ஒரு வரியைக்கூட மறுக்க எனக்கு வழியில்லை. அறைந்தது தப்பு. சொன்ன வார்த்தை அதைவிடப் பெரிய தப்பு. "ஒன்பது வயசு" என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தைத் தாண்டிப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவுக்குத் தெரியும், யாருக்கும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். எனக்குப் பதினெட்டு வயதில் இதே கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்பா போய் இருபதாம் நாள் கடிதம் வந்தது. அதை மடித்து வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். எனக்கு வேண்டும் என்று வாய் திறந்து கேட்கத் தெரியாமல், உனக்கு வேண்டும் என்று ஒன்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் படிவத்தை நிரப்பும்போது என் கை நடுங்கியது. உன் நல்லதுக்காக என்று நினைத்தேன். எனக்காகத்தான் நடுங்கியிருக்கிறது.

மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். கேட்டால் "சரி, விடு" என்பாய். அது உன் வாயில் வருகிற பழக்கம், பதில் இல்லை. உனக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது பார்த்துக்கொள்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஓர் உதவி கேட்பது வெட்கம்தான். வெட்கப்பட எனக்கு நேரம் இல்லை. தேர்வுக்கு ஏழு வாரம் இருக்கிறது. கற்பனை எண் என்றால் என்னடா? இல்லாத எண் ஒன்றுக்கு எதற்கு இத்தனை வீட்டுப்பாடம்? வாத்தியாரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். மூன்றாவது தடவை கேட்டால் வகுப்பே பெருமூச்சு விடும்.

அக்கா

•

நவம்பர் 2

அக்கா,

அந்த இடம் கிடைத்த கடிதத்தைப் பற்றி எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இப்போதைக்குச் சொல்லாமல் விடுகிறேன். கற்பனை எண்ணைப் பற்றிச் சொல்லத் தெரியும். தப்பு பெயர் வைத்தவன்மேல், உன்மேல் இல்லை.

நீ என் வண்டியில் நேராக முன்னே பார்த்து நிற்கிறாய் என்று வை. அது ஒன்று. நின்ற இடத்திலேயே முழுசாகப் பின்பக்கம் திரும்பிவிடு. அது கழித்தல் ஒன்று. இது வரைக்கும் உனக்குத் தெரியும். இப்போது ஒரே வீச்சில் திரும்பாமல் இரண்டு தவணையில் திரும்பு. பாதி திரும்பினால் இடது பக்கத்து ஜன்னலைப் பார்த்து நிற்பாய். இன்னொரு பாதி திரும்பினால் பின்பக்கம். அந்தப் பாதித் திருப்பம்தான் உன் கற்பனை எண். ஒரே திருப்பத்தை இரண்டு தடவை செய்தால் கழித்தல் ஒன்று. புத்தகத்தில் வர்க்கமூலம் அது இது என்று மிரட்டுவது இவ்வளவுதான். உங்கள் ஆட்கள் அதை ஜே என்று எழுதுவார்கள். ஜேயைப் பார்த்தால் "இடது பக்கம் ஒடி" என்று வாய்விட்டுப் படி.

இன்னொன்று. காயிலில் வோல்டேஜ் முன்னால் போகும், கரண்ட் கால் சுற்றுப் பிந்தி வரும். அந்தப் பிந்தலை எழுதத்தான் இந்த ஜே. பதினைந்து வருடமாக நீ கையால் சுற்றிச் சுற்றி வைத்தது இந்தத் தாமதத்தைத்தான்.

இதை எழுதும்போது எனக்கு வயிறு வலிக்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

தம்பி

•

ஜனவரி 14

தம்பிக்கு,

முடிவு வந்துவிட்டது. ஐந்து பாடத்தில் தேறிவிட்டேன். கணக்கில் போய்விட்டது. தேற ஐம்பது வேண்டும், எனக்கு நாற்பத்து நான்கு. கற்பனை எண்ணில் வந்த கேள்வி முழுசாகச் சரி. கவிழ்த்தது தொகையிடல்.

பட்டறையில் முதலாளிக்குச் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது.

"பெயிலாமே?"

"ஒரு பாடம்தான்."

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? மதியம் வந்து அரை மோட்டார் கட்டிட்டுப் போறே. வர்றவன் எல்லாம் என் உயிரை வாங்கறான். படிப்பா, பட்டறையா, ஒண்ணைச் சொல்லு."

இதை நான் எதிர்பார்த்துத்தான் இருந்தேன். "ரெண்டும்" என்றேன். மணிக்கணக்குச் சம்பளத்தை நிறுத்திவிடுங்கள், கட்டி முடித்த மோட்டாருக்கு மட்டும் கூலி கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன், ஒரு மோட்டார் தாமதமானாலும் நானே போய்விடுகிறேன் என்றேன். "பிடிவாதக்காரி" என்று முனகிக்கொண்டே உள்ளே போனார். சரி என்று அர்த்தம்.

மறுநாள் கணக்கு வாத்தியார் அறைக்குப் போய் விடைத்தாளைக் கேட்டு வாங்கி, எங்கெங்கே விட்டேன் என்று வரிவரியாக எழுதிக்கொண்டேன். மே மாதம் மறுதேர்வு. ஆய்வுக்கூடத்தில் காயில் கணக்கை முன்பே போட்டுக் காட்டிவிட்டேன். அந்த ஆசிரியர் சரிபார்த்து, "இப்ப கை வைங்க" என்றார். அந்த மூன்று வார்த்தைக்கு நான் ஆறு வாரம் வேலை செய்திருக்கிறேன்.

அம்மா கூத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். எதிர்வீட்டு அம்மாள் காலையில் பையோடு எங்கே போகிறாள் உன் பெண் என்று கேட்டிருக்கிறாள். அம்மா என்னிடம் வந்து, "காலேஜ்ல நீதான் பாடம் நடத்தறேன்னு சொல்லிட்டேன். காட்டிக் குடுத்துடாதே" என்கிறாள். மிஸ் பட்டம் வீடு வரைக்கும் வந்துவிட்டது.

அக்கா

•

ஜனவரி 23

அக்கா,

முதல் தேர்வில் ஐம்பதுக்கு நான்கு, அதாவது நூற்றுக்கு எட்டு. இப்போது நாற்பத்து நான்கு. நான்கு மாதத்தில் ஐந்தரை மடங்கு. பெயில் என்று உன் முதலாளி சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்.

மதியம் கீழே இறங்கியதும் டிப்போவில் நாற்பது நிமிடம் சும்மா இருக்கிறேன். வாரத்துக்கு மூன்று தொகையிடல் கணக்கு போட்டு அனுப்பு. விடையை மட்டும் எழுதாதே, வழி முழுக்க எழுது. தப்பு நடந்த இடத்தில் சிவப்பு மையில் கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். பார்த்து வருத்தப்படக் கூடாது.

போன வாரம் உன் கவரைப் பிரித்தபோது கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, லவ் லெட்டரா?" என்றார். "எங்க அக்கா" என்றேன். மலை ஏறி முடிக்கும் வரை உன் கதையைக் கேட்டுக்கொண்டு வந்தார். மேலே போய்ச் சேர்ந்ததும், "அந்தம்மா பாஸ் பண்ணினா எனக்கும் சொல்லு" என்றார்.

தம்பி

•

ஜூன் 3

தம்பிக்கு,

அறுபத்து மூன்று! முதலில் கண்டக்டரிடம் சொல். இரண்டாம் பருவத்தில் எல்லாமே தேறிவிட்டது. நீ அனுப்பிய சிவப்பு மைத் தாள்கள் ஐம்பத்தொன்று சேர்ந்திருக்கின்றன. கடைசி நான்கில் கோடே இல்லை. பார்த்தாயா?

இன்னொரு சந்தோஷச் செய்தி. நேற்று முதல்வரைப் பார்க்கப் போனேன், உன்னைப் பற்றிப் பேச. உன் பதிவேடு இன்னும் இருக்கிறதாம். முதல் பருவம் எல்லாம் தேறியிருப்பதால், கட்டாயம் வழி செய்கிறேன் என்றார். இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறவன் ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டு ஏன் இருக்க வேண்டும்? பத்தாம் தேதிக்குள் வந்தால் போதும். நீயும் நானும் சேர்ந்து படிக்கலாம். கிளம்பி வா.

அக்கா

•

ஜூன் 9

அக்கா,

அறுபத்து மூன்றைக் கண்டக்டரிடம் சொன்னேன். விசில் அடித்தார், வண்டியே திரும்பிப் பார்த்தது.

அடுத்த பத்தியைப் படித்ததும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. மறுபடியும் அதையே செய்திருக்கிறாய். என்னைக் கேட்காமல் போய், யாரிடமோ பேசி, தேதியும் வாங்கி வந்துவிட்டாய். நான் வரவில்லை. பத்தாம் தேதியும் வரமாட்டேன், அதற்குப் பிறகும் வரமாட்டேன். முதல்வரிடம் நீயே போய்ச் சொல்லிவிடு.

கணக்கு எனக்குப் பிடிக்கும். உனக்குச் சொல்லிக்கொடுக்கப் பிடித்தது. அதற்காக எஞ்சினியர் ஆக வேண்டும் என்று கட்டாயமா? எனக்கு இந்த வண்டி பிடித்திருக்கிறது. வேறு வழியில்லாமல் ஓட்டவில்லை. கோபத்தில் ஓட்டுகிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். கோபத்தில் நான்கு வருடம் மலைப்பாதையில் ஓட்டினால் எப்போதோ பள்ளத்தில் கிடந்திருப்பேன்.

நீ என் வேலையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வருகிற ஞாயிறு காலை ஏழரை மணி வண்டி. உனக்கு விடுமுறைதானே, பட்டறைக்குச் சொல்லிவிடு. ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையைக் கண்டக்டர் பிடித்துவைப்பார். வந்து பார். பார்த்த பிறகும் நான் ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது என்று தோன்றினால் எழுது, நான் பதில் போடுவதை நிறுத்திவிடுகிறேன்.

தம்பி

•

ஜூன் 20

தம்பிக்கு,

ஞாயிறு இரவே வீடு வந்து சேர்ந்தேன். மேலே ஓட்டுநர் ஓய்வறையில் ஒரு மணி நேரம் இருந்தோம், கண்டக்டரும் கூடவே இருந்ததால் ஊர்க்கதைதான் பேச முடிந்தது. அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

உன் இருக்கைக்கு மேலே "ஓட்டுநருடன் பேசாதீர்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. நமக்கென்றே எழுதியது மாதிரி இருந்தது. மூன்று மணி நேரம் உன்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உன் பின்னால் உட்கார்ந்தது என் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை.

ஏழாவது வளைவு தாண்டி அந்த மரம் ஏற்றிய லாரி குறுக்கே நின்றதே, அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். முன்னால் போக வழியில்லை. லாரி நம்மை நோக்கிச் சரியத் தொடங்கியது. வண்டி நிறைய ஆட்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் எட்டிப் பார்த்தால் மரங்களின் உச்சிதான் தெரிகிறது. கண்டக்டர் குதித்துப் பின்னால் ஓடி விசில் கொடுத்தார். நீ பின்பக்கமாக எடுக்க ஆரம்பித்தாய். "பார்த்துடா" என்று கத்த வாய் வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நீ ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. கண்ணாடியைப் பார்த்தாய், விசிலைக் கேட்டாய், சக்கரத்தை ஒரு விரற்கடை திருப்பினாய், நிறுத்தினாய், மறுபடி எடுத்தாய். பின்சக்கரம் ஓரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருந்தது. கை சொன்னதைக் கேட்டு ஓட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு அடியையும் யோசித்து ஓட்டினாய். வளைவுக்கு இந்தப் பக்கம் ஒதுக்கி நிறுத்திய பிறகுதான் வண்டிக்குள் எல்லாரும் மூச்சு விட்டார்கள். நீ ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிப் போய், பாறையில் முட்டி நின்ற லாரியின் சக்கரத்துக்குக் கல் வைக்க உதவினாய்.

என் பக்கத்தில் ஒரு வயதான அம்மாள், மடியில் கூடையோடு. "இந்தத் தம்பி வண்டின்னா நான் கண்ணை மூடித் தூங்கிடுவேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எங்க போறீங்க? மேல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"மேல யாரும் இல்லைங்க. நான் டிரைவரோட அக்கா."

அவள் கூடையைத் தள்ளி எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள்.

முதல்வரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "ஏன், பையனுக்கு இஷ்டமில்லையா?" என்றார். "அவன் வேலையில இருக்கான் சார், நல்ல வேலை" என்றேன்.

நாளைக் காலை எட்டு மணிக்கு இரண்டாம் ஆண்டின் முதல் வகுப்பு. பாடம் மின் இயந்திரங்கள். புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. வாயாடிக்கும் புரியவில்லையாம். இரண்டு பேரும் ஏழரைக்கே போகப் போகிறோம்.

அக்கா